ஜனனி தன் பேரைச் சொல்லும் வீடியோ

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முன்னுக்குப் பின் இருக்கும், சிலது மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டைப் போலவே பயந்துகொண்டிருக்கிற வீடுகள் இருக்கும். அவங்களுக்கு ஏதாவது உதவுமா என்றுதான் எழுதுகிறேன்.

பிள்ளை என் தம்பி சேகரின் மகள், ஜனனி. சேகர் எங்கள் வீட்டில் கடைசி, நான் மூத்தவள். அவன் திருத்தணியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பெண்சாதி லதா பொதட்டூர்பேட்டையில் லுங்கிக் கடையில் வேலை செய்கிறாள். எனக்கென்று குடும்பம் இல்லை, அவங்களோடுதான் இருக்கிறேன். அதனால் பகல் முழுக்கப் பிள்ளை என் பொறுப்பு.

முதலில் கண்டது நான்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தட்டு விழுந்தால் திரும்புவாள், தூரத்தில் ரயில் ஊதினால் காதைப் பொத்துவாள். பேருக்கு மட்டும் திரும்ப மாட்டாள். காது கேட்கவில்லையோ என்று பயந்து சென்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே நடையில் பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். காதில் குறை இல்லை என்றார்கள். சந்தோஷப்பட்டோம். அப்புறம்தான் டாக்டரம்மா ஆட்டிசம் (பிறவியிலேயே மூளை வேறு விதமாக வளர்வது, காய்ச்சல் போல வந்து போவது இல்லை) என்று சொன்னார்.

லதா கேட்டாள், "மாத்திரை எத்தினி மாசம் சாப்பிடணும் மேடம்?"

"இதுக்கு மாத்திரை இல்லம்மா. பழக்கணும். பழகிக்கினே இருக்கணும்."

பேச்சு இருந்தது ஜனனிக்கு. டி.வி.யில் கேட்ட விளம்பரத்தை அப்படியே சொல்வாள். ஆனால் "உன் பேரு இன்னா" என்று யாராவது கேட்டால் தரையைப் பார்ப்பாள்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். கரும்புச் சாறு கடையில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். நான் தேடிப் போய்ச் சேர்வதற்குள் ஒரு கும்பலே கூடியிருந்தது. பேர் கேட்டு அலுத்துப்போய், "ஊமைப் பொண்ணுபோல, யாரோ வுட்டுட்டுப் போய்ட்டாங்க" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவளைத் தூக்கி பைக்கில் உட்கார வைத்திருந்தார். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகத்தான் என்றார். நல்லவராகத்தான் இருப்பார். ஆனாலும் அந்த பைக் கிளம்பியிருந்தால் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. பேர் சொல்லத் தெரியாத பிள்ளையை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். நான் எத்தனை நாளைக்குக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்?

அரக்கோணத்தில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு ரயிலில் போய்வர ஆரம்பித்தோம். அங்கே இருந்த தெரபி மேடம்தான் இந்த வீடியோ வழியைச் சொன்னார். எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன்.

அடுத்தவர் செய்வதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும். சில பிள்ளைகள் அடுத்தவர் முகத்தையே பார்க்காது. ஆனால் தன்னை வீடியோவில் பார்க்கப் பிடிக்கும். அதனால் அந்தப் பிள்ளையையே படம் பிடிக்கணும். நாம் கேட்போம், சொல்லிக்கொடுப்போம், முகவாயைத் தொட்டுத் திருப்புவோம். அவள் பேரைச் சொல்வாள். பிறகு நாம் உதவினதையெல்லாம் வெட்டிவிடணும். மிச்சம் இருக்கிற படத்தில், யார் துணையும் இல்லாமல் அவளே பேர் சொல்கிற மாதிரி இருக்கும். இன்னும் தனியாகச் செய்ய வராத ஒன்றை, தான் செய்துவிட்டதாக அவளே பார்ப்பாள். தினமும் கொஞ்ச நேரம் போட்டுக் காட்டணும்.

"தப்பா செய்யறது, அழறது எதுவும் அதுல இருக்கக் கூடாதும்மா. அது இன்னா பார்க்குதோ அதைத்தான் எடுத்துக்கும்" என்றார் மேடம்.

கேள்வி கேட்கிறது நான்தான். எனக்குப் புது ஆளோடு பேசவே கூச்சம். வாயைத் திறக்கும் முன்னே ஒரு இருமல் வரும், சின்ன வயசிலிருந்தே. போனைப் பார்த்தும் அந்த இருமல் வந்தது. பலமுறை எடுத்தோம். வெட்டுகிற வேலையைத் தம்பிக்குத் தெரிந்த மொபைல் கடை பாய் செய்துகொடுத்தார்.

இரட்டைச் சடை, மஞ்சள் ரிப்பன். வீடியோவில் ஜனனி நிமிர்ந்து, "என் பேரு ஜனனி. அத்தை கூட வந்தேன்" என்பாள். முதல் நாள் பார்த்தபோது போனில் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டப் போனாள். தன் ரிப்பனைத் தொட்டாள், போனில் இருந்த ரிப்பனைத் தொட்டாள். சில வாரம் கழித்து பால்காரர் கேட்டதற்குப் பாதி பேரைச் சொன்னாள். அவர் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, "ஆங், பேசுதே" என்றார். நான் உள்ளே போய் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் மொட்டை.

பஸ் ஸ்டாண்டில் பிள்ளை கிடைத்த அன்றே தம்பி மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டான், பிள்ளை முடியைக் கொடுக்கிறேன் என்று. இந்த ஊரில் அது யோசிக்கிற காரியமே இல்லை. பிள்ளை பயப்படாமல் இருக்க முதலில் நான் உட்கார்ந்தேன். என் நரைமுடி போனதை அவள் வேடிக்கை பார்த்தாள். அவள் முறை வந்தபோது கத்தின கத்தலில் கத்தி பிடித்தவரே நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தார். தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் வழக்கம்போல வீடியோவைப் போட்டேன். பார்த்தாள். தலையைத் தடவினாள். போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "ஜனனி எங்க?" என்றாள்.

"இதோ நீதான்டி கண்ணு."

"ஜனனி எங்க?" அதையே சொல்லிக்கொண்டு கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் எல்லாம் தேடினாள். பேர் இருக்கிற பொண்ணு சடையோடு எங்கேயோ போய்விட்டாள். இங்கே இருக்கிறவளுக்குப் பேர் இல்லை. அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அதோடு பேச்சு நின்றது. விளம்பரம்கூடச் சொல்லவில்லை.

லதா சாப்பாட்டைத் தொடவில்லை. "சாமிக்குக் குடுத்த முடிங்க அண்ணி. சாமி எப்படி அவ பேச்சை எடுத்துக்கும்?" என்று என்னைக் கேட்டாள். தம்பி ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டான், சவாரிக்கும் போகவில்லை.

அரக்கோணத்தில் மேடம் என் தலையையும் ஜனனி தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "திருத்தணிக்காரங்கன்னு தெரியும். மொட்டை அடிக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்கன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார். போன பேச்சு திரும்பும், பயப்படாதீங்க, இப்போ இருக்கிற முகத்தோடு புதுசாக எடுங்கள் என்றார்.

புதுசாக எடுப்பது முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் வாயே திறக்கவில்லை. நான் என் மொட்டைத் தலையைக் குனிந்து காட்டுவேன், தடவுவாள். அவள் கையை எடுத்து அவள் தலையில் வைப்பேன், இழுத்துக்கொள்வாள். ரொம்ப நாள் இப்படியே போயிற்று. லதா வீட்டில் இருந்த ஒரு மதியம் ஜனனியே ஒரு கையை என் தலையிலும் ஒரு கையைத் தன் தலையிலும் வைத்தாள். லதா போனை எடுத்தாள். நான் "உன் பேரு இன்னா?" என்றேன். பயத்தில் இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அந்த இருமலுக்குள்ளேயே ஜனனி பேரைச் சொல்லிவிட்டாள். அந்த ஒரு தடவைதான் சொன்னாள்.

பாய் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "பெரிம்மா, உங்க இருமலும் பாப்பா பேச்சும் ஒட்டிக்கினு இருக்கு. இருமலை வெட்டினா பேர்ல முன்பாதி போய்டும். இன்னா பண்ணலாம்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எல்லாரும் வூட்ல பாட்டு பாடிக் குடுப்பாங்க, நீங்க இருமிக் குடுத்துட்டீங்க" என்று சிரித்தார். மேடமைக் கேட்டோம், இருக்கட்டும் என்றார். ஜனனி அதைப் பார்க்க ஆரம்பித்தாள். உதடு அசையும். சத்தம் வராது.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. காவடிக் கூட்டம் தெருவெல்லாம் வழிந்தது. மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பும்போது பம்பைச் சத்தம் கிட்டத்தில் எழும்ப, ஜனனி இரண்டு காதையும் பொத்தினாள். காதைப் பொத்த கை வேண்டுமே, என் கையை விட்டுவிட்டாள். மஞ்சள் புடவைகளுக்கு நடுவில் காணாமல் போனாள்.

என்னால் ஓட முடியாது. எதிரில் வருகிறவர்களை எல்லாம் கேட்டேன், "மொட்டை அடிச்ச பொண்ணு, சின்னப் பொண்ணு, பாத்தீங்களா?" எல்லாருக்கும் பதில் இருந்தது. "இதோ இங்கன போகுதே." "அந்தத் தண்ணிப் பந்தல்ல நிக்குது பாருங்க." போய்ப் பார்த்தால் வேறு பிள்ளை. திரும்பின பக்கமெல்லாம் மொட்டைத் தலை, சந்தனம் பூசின தலை, சின்னதும் பெரிசும். எங்கள் பிள்ளையை அடையாளம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ரோட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அந்த பைக்தான் கண்ணில் வந்தது.

அப்போது மைக்கில் கூப்பிட்டார்கள். தொலைந்த பிள்ளைகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். "ஜனனி. ஜனனி என்கிற பொண்ணு இங்க இருக்குது. அத்தை கூட வந்துச்சாம். ஜனனியோட அத்தை எங்க இருந்தாலும் வரவும்."

யாரோ என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். பந்தலில் போலீஸ்காரப் பொண்ணு மடியில் ஜனனி பிஸ்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பிஸ்கட்டைத்தான் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு நெஞ்சு சளியாம்மா?" என்று கேட்டாள் அந்தப் பொண்ணு. "பேர் கேட்டேன். கெழவி மாதிரி ஒரு இருமல் இருமிச்சு. அப்புறம்தான் சொல்லிச்சு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அவள் என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

இது குணமான கதை இல்லை. ஜனனி இன்னும் எங்கள் முகத்தை அதிகம் பார்ப்பதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் வீடியோ ஒத்துவராது என்று மேடமே சொன்னார், கேட்டுத்தான் செய்யணும். பயமும் போகவில்லை, வெளியே போனால் கை வியர்க்கிறது. ஆனால் நாட்களை இப்போது நான் காலண்டரில் பார்ப்பதில்லை. அவள் தலையிலும் என் தலையிலும் தடவிப் பார்க்கிறேன். அவளுக்குக் கறுப்பாக, எனக்கு வெள்ளையாக, இரண்டும் ஒரே உயரம் வளர்ந்திருக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொரு வீடியோ எடுக்கணும். இவ்வளவு காலம் முந்தானையில் பொத்தி மறைத்த இருமலை இப்போது பொத்துவதில்லை. நான் இல்லாத நாளிலும் யாராவது பேர் கேட்டால், முதலில் அதுதான் அவள் தொண்டையில் வரும்.

மேடம் சொன்னதைத் தப்பாக எழுதியிருந்தால், விஷயம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றும் வேண்டும். மைக்கில் நான் கேட்டது முதல் தடவையா, அதற்கு முன்னேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தப் பந்தல் பக்கம் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எவ்வளவு நேரம் பிள்ளை தனியாக இருந்தது என்று சொல்லுங்கள்.