மீட்டரக்கா பிரஷர் பார்த்த கதை

மீட்டரக்காவை ஒரு எண்ணை நம்ப வைப்பது குதிரைக்கொம்பு. நஞ்சுக்கொடி ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருஷமாக டெக்னீசியன். பிரசவ அறையிலிருந்து வரும் நஞ்சுக்கொடியைத் துண்டுபோட்டு, ஆக்ஸிஜன் போதிய அளவு உள்ள பெட்டியில் பாதியும், குறைந்த பெட்டியில் பாதியுமாக வைப்பாள். மூச்சு முட்டும் துண்டுகள் என்னத்தையோ கக்கும். அது தாயின் ரத்தத்தில் கலந்தால் ரத்தக்குழாயின் உள்சுவர் கெடும், குழாய் இறுகும், பிரஷர் எகிறும். இதெல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு.

பெட்டியின் மீட்டர் ஒரு புள்ளி கூடக் காட்டினாலும் அவள் முதலில் சந்தேகப்படுவது மீட்டரைத்தான். பத்துக்கு எட்டு தடவை அந்தச் சந்தேகம் சரியாகவும் இருந்து தொலைத்தது. வினையே அங்கேதான்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டானாள். எட்டாம் மாசம் கிளினிக்கில் நர்ஸ் பிரஷர் பார்த்து முகம் சுளித்தாள். "உங்க மெஷின் கைப்பட்டை லூசா இருக்கும்மா" என்று அவளுக்கே பாடம் நடத்திவிட்டு வந்தாள் நம்ம அக்கா. ஆராய்ச்சிக்கூடத்து பிரஷர் மெஷினில் பார்த்தாள்: நூற்று ஐம்பத்தாறு. இன்னொன்றில் நூற்று ஐம்பத்தெட்டு. "ரெண்டும் ஒரே கம்பெனி, ரெண்டுக்கும் ஒரே வியாதி" என்று ரிப்பேருக்கு அனுப்பினாள்.

தலைவலியா? மைக்ரோஸ்கோப் வெளிச்சம். கால் வீக்கமா? செருப்பு சின்னது.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாமே" என்று கெஞ்சினார் புருஷன்.

"மெஷின் சரியாகி வரட்டுங்க. தப்பான நம்பரை வச்சு என்ன வைத்தியம்?"

கர்ப்பகாலப் பிரஷரைப் பற்றி டாக்டர்கள் ஊர் உலகத்துக்கு எழுதக் கணக்கெடுத்துத் தந்தவளின் லட்சணம் இது!

நாலாம் நாள் மெக்கானிக்கே இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே பழகியவர். முதலில் தன் கையில் போட்டுக் காட்டினார்: நூற்றுப் பதினெட்டு. அப்புறம் அவள் கையில் சுற்றினார்: நூற்று அறுபத்தெட்டு.

"பாத்தீங்களா, மறுபடியும் கெட்டுப்போச்சு!"

மெக்கானிக் சிரிக்கவில்லை. "அக்கா, மெஷின்ல கோளாறுன்னா நான் பாப்பேன். இந்தக் கையில கோளாறுன்னா என்கிட்ட ஸ்பேர் பார்ட் கிடையாது."

அவள் பட்டையை உருவிப் போட்டாள். ஐயோ, உள்ளே பிள்ளைக்கு மூச்சு போகிறதா? நாலு நாளை வீணடித்தோமே! மெக்கானிக்கின் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஊசி போட்டு பிரஷரை இறக்கிவிட்டு, குழந்தையை உடனே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். முப்பத்துநாலாவது வாரம். சின்ன டாக்டர் நோயை விளக்க விளக்க, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள்.

ஆபரேஷன் அறை வாசலில் கூடத்துச் சகா ஒருத்தி, ஆராய்ச்சிக்கான சம்மதப் படிவமும் பேனாவுமாக நெளிந்துகொண்டு நின்றாள். "அக்கா... நஞ்சுக்கொடி... உங்ககிட்டயும் கேக்கணும்ல."

"பிள்ளை அழட்டும்டி. அப்புறம் கேளு."

இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தாள். கத்தரி வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ "எடுத்தாச்சு" என்றார்கள். பிள்ளையின் அழுகை வரவில்லை. அவள் எண்ண ஆரம்பித்தாள். பத்து, இருபது, இருபத்தைந்து. அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னக் கத்தல்.

வெளியே கொண்டுவந்ததும் சகாவைப் பார்த்து, "பேனாவைக் குடுடி," என்றாள் ஓவென்று அழுதபடி. "அந்த நஞ்சு பாவம், தன்னால ஆனமட்டும் கத்திப் பாத்துச்சு. நான்தான் காதுல வாங்கல."