மண்டோருக்குப் பதினாறாம் நாள்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய்க்காரர்களில் தன் கருமாதியைத் தானே உட்கார்ந்து பார்த்தவள் உஷாராணி ஒருத்திதான். பார்த்ததோடு விட்டாளா என்றால் இல்லை. படையலில் வைத்த நண்டுப் பிரட்டல் வாய்க்கு வாகாக இருந்ததென்று இரண்டாம் முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டாள். கேட்பவர்கள் கதை என்பார்கள். இலை போட்டவர்கள் இன்னும் கோலசிலாங்கூரில்தான் இருக்கிறார்கள்.

உஷாராணிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கிற வேலை. கம்பெனி பஸ்ஸில் போய், கம்பெனி பஸ்ஸில் வந்து, குளித்து, சாமி கும்பிட்டு, சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாளென்றால் அப்புறம் அவள் உஷாராணி இல்லை. ஒரு நாள் நாடு கடத்தப்பட்ட தளபதி, மறுநாள் விஷமுறிவு விற்கும் வைத்தியன், அதற்கடுத்த நாள் தலைக்கு விலை வைக்கப்பட்ட திருடி. வேடமேற்று ஆடும் விளையாட்டுகள்தான் அவளுக்குப் பிடிக்கும். சும்மா சுட்டுத்தள்ளுகிற சாமான் அவளுக்கு ஆகாது. வழியில் நாலு பேர் எதிர்ப்பட வேண்டும், அவர்களிடம் பேச வேண்டும், பேசிய பேச்சுக்குப் பிற்பாடு பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட விளையாட்டுகளில் அவள் ஆடி முடிக்காதது அனேகமாக இன்னும் யாரும் எழுதாததாகத்தான் இருக்கும்.

இதை நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை வந்ததுதான் வினை. இந்த விளையாட்டுகளை ஆடும் மலேசியத் தமிழர்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருந்தது. கோலசிலாங்கூர் விமலன் நடத்தியது. உஷாராணி சொந்தப் பேரில் சேர்ந்து, தான் ஆடி முடித்த ஒன்றைப் பற்றி அருமையாக எழுதிப் போட்டாள். வந்த பதில்கள் மூன்று. "ஆன்ட்டி, மிட்டாய் உடைக்கிற கேம் ட்ரை பண்ணுங்க, உங்களுக்கு ஈசியா இருக்கும்." "இது மகனோட ஃபோனா ஆன்ட்டி?" மூன்றாவது தனியாக வந்தது: "ஹாய் டியர், தனியா இருக்கீங்களா?"

மறுநாளே அந்தப் பேரைச் சுருட்டி வைத்தாள். தோட்டத்துத் தொப்பி ஒன்றைப் படமாக வைத்து, மண்டோர் என்று புதுப் பேரில் உள்ளே போனாள். அவளுடைய அப்பா இருசப்பன் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர். விடிகாலையில் ஆபீஸ் முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்தி, அன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்று பிரித்து விடுவதற்குப் பெரட்டு என்று பேர். இருசப்பன் ஆளின் முகத்தைப் பார்த்து வேலை கொடுப்பார். குடித்துவிட்டு வந்தவனைக் குலை வெட்ட அனுப்ப மாட்டார், உதிரிப் பழம் பொறுக்கப் போ என்பார். மகள் அதையே குழுவில் நடத்தினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் 'பெரட்டு' என்று ஒரே ஒரு வார்த்தை போடுவாள். கீழே ஆட்கள் வரிசையாக வந்து தங்கள் நிலைமையைச் சொல்வார்கள். ஆளைப் பார்த்து விளையாட்டைக் கொடுப்பாள். ஆங்கிலப் பேர்களெல்லாம் வாயில் நுழையாது என்று அவளே தமிழில் பேரும் வைப்பாள்.

"மண்டோர் அண்ணே, நைட் ஷிஃப்ட். ரெண்டு மணி நேரந்தான் கெடைக்குது."

"உனக்கு உப்புக்கோட்டை. எந்த எடத்துலயும் நிறுத்தி வச்சிட்டுப் படுக்கலாம். வாசல்ல நிக்கிற கெழவன மட்டும் வெட்டிடாத. பின்னால ஜெயில்ல கெடக்கும்போது அவன்தான் வருவான்."

"அண்ணே, பொண்டாட்டி பேசி ரெண்டு நாளாச்சி. நல்லா வெட்டுற கேமா ஒன்னு சொல்லுங்க."

"நீ வாளத் தொடாத. சந்தைக்காரி ஆடு. அதுல தணிஞ்சு பேசலன்னா அரிசிகூடக் கெடைக்காது. ஒரு வாரம் பழகிட்டு வீட்டுல போய்ப் பேசு."

ஞாயிறு காலை மண்டோர் ஒரு பேரைச் சொன்னால், மத்தியானத்துக்குள் ரவாங்கிலிருந்து சுங்கை ஆயர் தாவார் வரை இணையம் மாட்டுவண்டியாகிவிடும் என்பார்கள். மாப்பிள்ளை ஒருவன் மண்டோர் சொன்ன விளையாட்டில் பாலம் கடக்கப் போய், தன் முகூர்த்தத்துக்கே பிந்திப் போனானாம். நல்லவேளை, பெண்ணும் அதே பாலத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தாளாம். எத்தனை பேர் ஆடினார்களோ அத்தனை பேரும் நன்றி அண்ணே, நன்றி அண்ணே என்றார்கள். ஒவ்வொரு நன்றியும் உஷாராணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவில் தட்டுவதுபோலவே கேட்டது.

ஆகவே விமலன் ஒருநாள், ஜெராமில் கடலோரக் கடையில் எல்லாரும் சந்திக்கலாம், மண்டோர் அண்ணன் கட்டாயம் வரணும் என்று எழுதியபோது, அவள் வருகிறேன் என்று போட்டாள். தன் வாயால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் நான் சொன்னது என்று ஒரு தடவை, வெளிச்சத்தில் நின்று. நீலச் சேலை கட்டி, இரண்டு டப்பா முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு, தன் பழைய காடியை ஓட்டிக்கொண்டு போனாள்.

நீள மேசையில் முப்பது பேர் இருந்தார்கள். தலைமாட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் ஒரு மாலை.

"ஆன்ட்டி, இது ரிசர்வ் பண்ண மேசை லா," என்றான் விமலன். "குடும்பமா வந்தீங்கன்னா அந்தப் பக்கம் எடம் இருக்கு."

"மண்டோரப் பாக்கத்தான உக்காந்திருக்கீங்க?"

"ஆமா. உங்களுக்குத் தெரியுமா அவர?"

"நாந்தான் மண்டோர்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அப்புறம் முப்பது பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு. அதுதான் அவளுக்கு வலித்தது.

"அண்ணி, செம ஜோக்," என்றான் விமலன். "வீட்டுக்கு மண்டோர் நீங்கதான்னு எங்களுக்குத் தெரியாதா? டேய், அண்ணிக்கு நாற்காலி போடு. அண்ணே காடிய பார்க் பண்றாரா?"

உஷாராணிக்கு நெஞ்சு காந்தியது. அந்தக் காந்தலில்தான் அவளுக்கே உரிய அந்தக் குசும்பும் கிளம்பியது.

"அவரு வரமாட்டாரு," என்றாள். "செத்துட்டாரு."

ஒருவன் கையிலிருந்த நண்டைத் தட்டில் வைத்தான்.

"எப்ப அண்ணி?"

"இப்பத்தான்."

அவளைப் பொறுத்தவரை அதில் பொய்யே இல்லை. இப்போது அடுத்த வாக்கியத்தைச் சொல்லி இவர்கள் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் நெற்றியில் பொட்டில்லாததை யாரோ ஒருவன் பார்த்துப் பக்கத்திலிருந்தவனைத் தொட்டுக் காட்டினான். அடக்கத்தை முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். புருஷன் அர்ஜுனன் போய் ஒன்பது வருஷம். அந்தப் பொட்டு அன்றைக்கு அழிந்தது. அது இவர்களுக்கு எப்படித் தெரியும்? "செத்தும் சொன்ன சொல்லக் காப்பாத்த அண்ணிய அனுப்பியிருக்காரு டா," என்றான் ஒருவன்.

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். மேசையின் கடைசியிலிருந்து எருமைக்கடா கணக்காக ஒருவன் எழுந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். பவனேஷ் என்று பேர்.

"எங்கம்மா ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்க அண்ணி. நான் ரூம விட்டு வெளிய வரல. அண்ணந்தான் படகுக்காரன் ஆடுடான்னாரு. தெனமும் கேப்பாரு, இன்னிக்கு யார அக்கரையில எறக்குனன்னு. அவரு கேக்கலன்னா நான் இல்ல அண்ணி."

உஷாராணிக்கு அவனைத் தெரியும். ஆற்றில் செத்தவர்களை ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் சொல்ல நினைத்ததைக் கேட்டு, இறக்கிவிடுகிற விளையாட்டு அது. இந்தப் பிள்ளை கடைசிப் படகில் ஒரு கிழவியை ஏற்றிக்கொண்டு கரையில் விடாமல் மூன்று மாதம் ஆற்றிலேயே சுற்றியதும், எறக்கிவிடு ராஜா என்று அவள் எழுதியதும், இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவன் தலையில் கை வைத்தாள். அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு, உன்னைக் காப்பாற்றியவன் இல்லவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு மூடிய வாய் மூடியதுதான்.

அண்ணனுடைய படம் ஒன்றை விமலன் கேட்டான். கைப்பேசியில் ஆண்பிள்ளைப் படம் என்று இருந்தது அர்ஜுனன் லோரிமேல் சாய்ந்து நிற்கிற படம் ஒன்றே. கொடுத்தாள்.

அர்ஜுனனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நல்ல லோரிக்காரன். வீட்டில் அவன் கையைக் கணினி கண்டதே இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. ஒரு மழை நாளில் உஷாராணி இரண்டு மாதம் பாடுபட்டு ஒரு நகரத்தை முற்றுகையிலிருந்து மீட்டு, கடைசிக் கதவைத் திறக்கப் போன நேரம். அவன் வந்தான், குனிந்தான், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். பந்து விளையாட்டு ஆரம்பித்துவிட்டதாம், டிவிக்கு வேணுமாம். "பொம்மைக்கு கரண்டு காசு கட்டுறது நானு," என்றான். கணினி அந்த அதிர்ச்சியில் பழையதையெல்லாம் மறந்துவிட்டது. நகரம் போனது போனதுதான். அந்த மனுஷனைத்தான் இப்போது வடசிலாங்கூர் முழுக்க மண்டோர் அண்ணன் என்று கும்பிட்டார்கள்.

பதினாறாம் நாள் விமலன் வீட்டில் படையல். அண்ணனுக்கு என்ன புடிக்கும் என்று அவளைத்தான் கேட்டார்கள். தனக்குப் பிடித்ததையெல்லாம் சொன்னாள்: நண்டுப் பிரட்டல், உளுந்து வடை, சீனி குறைவாகத் தே ஓ, அதாவது பால் விடாத தேநீர். தலைவாழை இலையில் எல்லாம் வந்தது. இலைக்கு மேல் லோரிக்காரன் சிரித்தான். இலைக்குப் பக்கத்தில் ஒரு மௌஸைச் சந்தனம் குங்குமமிட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தனாக வந்து, மண்டோர் தனக்குக் கொடுத்த விளையாட்டின் பேரைச் சொல்லிப் பூப் போட்டான். உப்புக்கோட்டை. சந்தைக்காரி. படகுக்காரன். ஒவ்வொரு பேரும் அவள் வைத்த பேர். கூடத்தின் ஓரத்தில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அப்புறம்தான் அந்த நண்டு.

வீட்டுக்கு வந்ததும் மண்டோர் கணக்கிலிருந்தே எழுதினாள். "பிள்ளைகளா, மண்டோர் சாகல. நான் உஷாராணி. ஆரம்பத்துலேர்ந்து எழுதுனது நாந்தான்."

விமலன் உடனே அழைத்தான். குரலில் அவ்வளவு பக்குவம். "அண்ணி, உங்க வேதனை புரியுது. எங்க பாட்டிகூட தாத்தா போனதும் அவரு சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஆனா பசங்க கலங்கிப் போயிடுவானுங்க லா. நான் அத அழிச்சிட்டேன். அண்ணன் கணக்க குழுவில யாரும் எழுத முடியாதபடி பூட்டி வச்சிடுறேன், நினைவா இருக்கட்டும்."

"டேய், என்னை ஏதாவது கேட்டுப் பாரு. எந்த கேம்னாலும் கேளு."

"அண்ணே உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்காரு. குடுத்து வச்சவங்க அண்ணி நீங்க."

பூட்டிவிட்டான். அதோடு போகவில்லை. ஞாயிறு பெரட்டை இனி தானே போடுவதாக அறிவித்தான். அவனுடைய சேனலில் மண்டோர் சொன்னதையெல்லாம் அவன் குரலில் வாசித்தான். நடுவில் ஹெட்போன் விளம்பரம். பின்னால் அர்ஜுனன் படம்.

பெரட்டு மூன்றாவது தடவை நடந்தபோது பவனேஷ் வரிசையில் வந்தான். "வேல போச்சி. மறுபடியும் ரூம்லயேதான் இருக்கேன். ஏதாச்சும் குடுங்க."

விமலன் புதிதாக வந்த ஒன்றைக் கொடுத்தான். அந்த வாரம் அவன் சேனலில் பணம் வாங்கிக்கொண்டு புகழ்ந்த விளையாட்டு. உஷாராணி அதை ஆடியிருந்தாள். தொடங்கி ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தாய் சாவதுதான். சுருட்டி வைத்த சொந்தப் பேரை எடுத்து எழுதினாள். "பவனேஷுக்கு அது வேணாம் விமலன். ஆரம்பமே ஆஸ்பத்திரி. அவனுக்கு இப்ப நாலு பேரோட சேந்து எதையாச்சும் கட்டுற மாதிரி குடு."

"அண்ணி, மண்டோர் அண்ணனே சொல்லியிருக்காரு," என்று பதில் வந்தது. அவளுடைய பழைய வரி ஒன்று அப்படியே ஒட்டியிருந்தது: அழ வேண்டியவனை அழ விடணும். கீழே பத்துப் பேர் கைகூப்பியிருந்தார்கள். பவனேஷுக்குத் தனியாக எழுதினாள். "நன்றி அண்ணி," என்றான் அவன். "ஆனா அண்ணே சொன்ன வழியிலதான் நான் போவேன். உங்களுக்குத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியும்."

அந்த ஞாயிறு முழுக்க அவள் சமைக்கவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். புதுக் கணக்கு. படத்துக்கு ஒரு மீசை. பேர், கிராணி. தோட்டத்தில் மண்டோருக்கும் மேலே ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவர்.

"பவனேஷ் தம்பி, அந்த ஆஸ்பத்திரி கேம் வேணாம். வெள்ளக்காடு ஆடு. வெள்ளத்துல போன ஊர அஞ்சு பேரு சேந்து திரும்பக் கட்டுறது. மொத வீடு அந்தத் தச்சனுக்குக் கட்டிக் குடு, அப்பத்தான் மத்தவன் வருவான்."

பதிலுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"நன்றி அண்ணே. எறக்கிக்கிட்டு இருக்கேன்."

உஷாராணி மூச்சு விட்டாள். அதற்குக் கீழேயே அவனிடமிருந்து இன்னொன்று வந்தது.

"நல்லாத்தான் சொல்றீங்க கிராணி அண்ணே. ஆனா எங்க மண்டோர்கிட்ட நிக்க முடியாது லா."

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு திரும்பினாள். சுவரில் மாலை போட்ட அர்ஜுனன். அவன் படத்துக்கு அடியில் ஒன்பது வருஷமாக அணையாத சின்னச் சிவப்பு பல்பு. அதன் வயர் இறங்கி, கணினி மேசைக்குக் கீழே இருந்த ஸ்விட்ச் போர்டுக்குத்தான் வந்தது.

உஷாராணி எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பல்பின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"கரண்டு காசு கட்டுறது நானு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.