நாலு பேர் சேர்ந்து எடுத்த செட்

உங்கள் அம்மா பாடுவதை நிறுத்திவிட்டாள் என்று நான் எப்போது முடிவு கட்டினேன் என்பது சரியாக நினைவில்லை. தொண்ணூறுகளின் ஆரம்பம். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். உங்களில் பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு மூன்று. கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா என்ன வேலை செய்தாலும் கூடவே ஒரு பாட்டு வரும். அரிசி களையும்போது ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று. சத்தமாகப் பாட மாட்டாள். தனக்குத் தானே பாடிக்கொள்வாள். ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு அது கேட்கும். கேட்டால், சரி, வீடு நல்லபடியாக இருக்கிறது என்று மனசு அடங்கும்.

அது நின்றுபோயிற்று. இன்ன நாளில் நின்றது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் யோசித்தபோது, கேட்டு ரொம்ப காலம் ஆகிவிட்டது என்று தெரிந்தது.

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம்தான், உங்களிடம் ஒளிப்பானேன். "உங்களக் கட்டிக்கிட்டு வந்ததுக்குப் பாட்டு ஒண்ணுதான் குறைச்சல்" என்று சொல்லிவிட்டால்? சொல்லக்கூடிய ஆள்தான். அதனால் காரணங்களை நானே தேடினேன். அவளுடைய அப்பா தவறியதாக இருக்கலாம். மாறி மாறி வரும் என் ஷிஃப்டாக இருக்கலாம். ஒரு நாள் கிழமைக்குக்கூட எங்கேயும் கூட்டிப்போகாததாக இருக்கலாம். எல்லாக் காரணமும் என்னிடம் வந்துதான் முடிந்தது.

அந்தச் சமயத்தில் என்னோடு வேலை செய்த ஒருவரின் திருமுல்லைவாயில் வீட்டில் காதுகுத்து. சிங்கப்பூரிலிருந்து வந்த அவருடைய மச்சான் கரோக்கே என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பாடகர் குரல் மட்டும் இல்லாமல் வாத்தியம் எல்லாம் இருக்கும் கேசட். அதை டேப்பில் போட்டு, மைக்கைப் பிடித்து நாம் பாட வேண்டியது. அந்த வீட்டு அம்மா முதலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாலு பாட்டு ஆன பிறகு யார் கேட்டும் மைக்கைக் கொடுக்கவில்லை.

நான் பந்தியில் உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் அவள் மறுபடியும் பாடுவாள். அவ்வளவுதான் என் யோசனை.

ஆனால் எதை வாங்குவது? ஆம்ப்ளிஃபையர், மைக், டேப், ஸ்பீக்கர் என்று எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். எனக்குச் சங்கீதமும் தெரியாது, எலக்ட்ரானிக்ஸும் தெரியாது. தெரிந்தவர்களைக் கூட்டிப்போகலாம் என்று என் செக்‌ஷனிலிருந்தே மூன்று பேரைக் கூப்பிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

எங்கள் செக்‌ஷன் வேலை இஞ்சின் டெஸ்டிங். புது இஞ்சினை மேடையில் பூட்டி, முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓட விடுவோம். பக்கத்தில் நிற்பவரோடு கையால்தான் பேச வேண்டும். காதுக்கு மாட்டிக்கொள்ள மஃப் கொடுத்திருந்தார்கள். அது ஆணியில் தொங்கும். அதை மாட்டினால் வியர்க்கும், அதோடு இஞ்சின் சொல்வது கேட்காது. ஒரு வால்வு கொஞ்சம் தப்பாக அடித்தால் மீட்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். ஃபேக்டரியிலேயே நல்ல காது எங்கள் காதுதான் என்று எங்களுக்கு ஒரு பெருமை. சத்தம் பார்த்து வாங்க இவர்களை விட்டால் யார் என்றுதான் நான் நினைத்தேன்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. கல்யாணத்துக்கு மைக் செட் வாடகைக்கு விடுபவர், சொந்தமாக ஆம்ப்ளிஃபையரும் செய்து தருவார்.

"இன்னாண்ணா வோணும்?"

"வீட்டுல பாடறதுக்கு. பொம்பளக் குரல், சன்னமா இருக்கும். ஒரு எழுத்து விடாம கேக்கணும்."

அவர் ஒரு செட்டைப் பூட்டிப் பாட்டுப் போட்டார். "எப்டி கீது?"

நாங்கள் நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எங்களில் மூத்தவர் சொன்னார். "போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கே."

உண்மையிலேயே எனக்கும் அப்படித்தான் இருந்தது. கடைக்காரர் ட்ரெபிள் குமிழைத் திருகினார். சன்னமான சத்தத்தைக் கூட்டுகிற குமிழ் அது.

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும்."

"அண்ணாத்தே, இதுக்கு மேல திருகுனா குமிழு கைல வந்துடும்."

"அப்ப ஸ்பீக்கர மாத்துப்பா. தெளிவே இல்ல."

ஸ்பீக்கர் பெட்டிக்குள் ட்வீட்டர் என்று எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று இருக்கும். கீச்சென்ற சத்தமெல்லாம் அதன் வழியாகத்தான் வரும். ஒன்றோடு எங்களுக்குத் திருப்தி இல்லை. இரண்டு போடச் சொன்னோம். பிறகு நாலு.

"நாலு ட்வீட்டரா? ஊட்ல பாடப் போறீங்களா, ஊர எழுப்பப் போறீங்களா?"

"நாங்க இஞ்சின் டெஸ்ட் பண்றவங்க தம்பி. எங்க காதுக்கு எது சரின்னு எங்களுக்குத் தெரியும்" என்றார் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவரும் நாலு பேரில் ஒருவர்.

கடைக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு ஒயரைப் பற்றவைத்தார். கடைசியில் என்னிடம் மைக்கைக் கொடுத்துப் பேசச் சொன்னார். நான் வழக்கம்போலத்தான் பேசினேன்.

"உங்களுக்கு மைக்கே வோணாண்ணா" என்று சொல்லி இரண்டடி பின்னால் போனார். நாங்கள் சிரித்தோம். மூத்தவர் என் முதுகில் தட்டினார். "இப்பதான் மச்சான் பேச்சு பேச்சா கேக்குது. கட்டச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டில் பூட்டினோம். நாலு பேரும் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியும் வந்தார். பட்டாபிராம் பக்கத்துக்காரர், வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. நான் சுவிட்சைப் போட்டு, மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். சின்னவன் வீறிட்டு அழுதான். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "ஐயோ, நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"என்ன, பாட்டே இன்னும் போடலையே?" என்றேன்.

"அப்பா, மைக் விசிலடிக்குது! அந்த விசில் உங்களுக்குக் கேக்கல?"

எனக்கு எந்த விசிலும் கேட்கவில்லை. மற்ற மூன்று பேரையும் பார்த்தேன். அவர்கள் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். "ஒண்ணும் இல்லியேம்மா. நல்லாத்தானே இருக்கு" என்றார் மூத்தவர்.

பக்கத்து வீட்டு அம்மா சுவிட்சைத் தானே அணைத்தார். "நல்லா கீதா? இந்த நாலு பேர வுட்டுப் பொடவ எடுக்கச் சொன்னா, கண்ணக் கட்டிக்கினு போய் எடுத்துகினு வருவாங்க போல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. குமிழ்களைக் குறைத்து வைத்துவிட்டு, "அப்பா, கண்ண மூடுங்க. விசில் வந்தா கை தூக்குங்க" என்றாள். மூடினேன். கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணைத் திறந்தபோது அவள் கை குமிழில் இருந்தது, மறுபடியும் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அவமானமாகிவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல், சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "உங்க அம்மா பாடறத விட்டு எத்தன வருஷமாச்சு? அதுக்காகத்தான் வாங்கினேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அம்மாதான் பேசினார், அதுவும் சிரித்துக்கொண்டே. "இன்னாண்ணா சொல்ற? அக்கா பாடறத வுட்டுட்டாங்களா? தெனம் காலைல செவுத்துக்கு அந்தாண்ட அக்கா பாட்டக் கேட்டுகினுதானே நான் பால் காய்ச்சறேன். நேத்துகூட..."

அதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. நிறுத்திக்கொண்டார்.

கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் காலால் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நண்பர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

மத்தியானம் அவளிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"நீங்க டி.வி. வைக்கிற சத்தத்துக்குத் தெருவுக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா? வேலைய விட்டுருப்பீங்களா?"

 

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டேன். "பொம்பளங்க பேச்ச நம்பி ஆஸ்பத்திரிக்குப் போறியா மாமே" என்றார்கள். அங்கே ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். முதலில் நாலைந்து தடவை அமுக்கினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினேன். "சார், கரண்ட் போயிடுச்சா?"

"இல்லீங்க. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. உக்காருங்க."

டாக்டர் நல்ல மனுஷர். பொறுமையாகச் சொன்னார். கனத்த சத்தம் கேட்கும், சன்னமானது போய்விட்டது. உள்ளே இருக்கும் நரம்பு. மருந்து இல்லை, திரும்பியும் வராது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் ஆணியிலிருந்து மஃபை எடுத்துத் தூசி தட்டி மாட்டிக்கொண்டேன். "என்ன மச்சான், குளிருதா?" என்று மூத்தவர் கையால் கேட்டார்.

செட்டை மாற்றுவதற்கு மறுபடியும் பூந்தமல்லி போனோம். இந்தத் தடவை அம்மாவும் பெரியவளும்தான் கேட்டார்கள். நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நின்றேன். அவர்கள் ஏதோ சொல்வார்கள், கடைக்காரர் குமிழைத் திருகுவார், அவர்கள் தலையாட்டுவார்கள். அவர் எப்படித் திருகினாலும் எனக்குச் சத்தம் ஒன்றுபோலவே இருந்தது. மூன்று ட்வீட்டரைப் பிடுங்கிவிட்டார். மைக்கையும் மாற்றினார். முடிவில் பழக்கதோஷத்தில் என்னிடம் திரும்பி, "இன்னாண்ணா, ஓகேவா?" என்றார். நான் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓகே" என்றேன்.

அன்று சாயங்காலம் எனக்காக அம்மா மைக்கைப் பிடித்தாள். விருப்பமில்லாமல்தான். நான் முன்னால் உட்கார்ந்தேன். தபலா கேட்டது. அவள் குரல் கீழே இருந்தவரை கேட்டது. மேலே போனதும் காணாமல் போகும், இறங்கும்போது வரும். அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மூடியதும் கை தட்டினேன். இன்னும் ஒரு அடி பாக்கி இருந்ததாம். பெரியவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"எப்படி இருந்துது?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லா இருந்துது."

"எந்த இடம்?"

நான் பெரியவளைப் பார்த்தேன். அவள் மைக்கைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் செட்டில் பாடியதெல்லாம் பெரியவளும் பக்கத்து வீட்டு அம்மாவும்தான். அம்மாவுக்கு மைக்கே பிடிக்கவில்லை. அவளுக்கு அதெல்லாம் தேவையாகவும் இருக்கவில்லை.

ஒரு காரியம் மட்டும் செய்து பார்த்தேன். ஷிஃப்ட் இல்லாத ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து, சத்தம் போடாமல் சமையலறை வாசலில் போய் நின்றேன். பக்கத்தில் நின்றால் கொஞ்சமாவது கேட்கும் என்று ஆசை. சத்தம் போடவில்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் உடனே திரும்பிவிட்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ பாடு."

"யாராவது பாத்துக்கிட்டு நின்னா எனக்கு வராதுங்க. தெரியாதா உங்களுக்கு?"

"திரும்பி நிக்கிறேன்."

சிரித்தாள். "திரும்பி நின்னாலும் நிக்கிறீங்கதானே."

"அப்ப நான் போயிட்டா பாடுவியா?"

"போங்க. பாடறேன்."

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். மின்விசிறியை அணைத்துவிட்டுக் கேட்கிறதா என்று பார்த்தேன். பிறகு திரும்பப் போட்டேன். எவ்வளவு நேரம் ஆனதோ, காபி டம்ளரோடு வந்தாள்.

"ஆச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சு" என்றாள்.