சலவைக்கூடத்துப் பெண்களின் சஃபாரி

மவுன் ஊரில், விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் அலுவலகம். அங்கே செதுன்யாவின் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. ஒகவாங்கோ கழிமுகத்துக்கு வருகிறவர்களுக்கு எந்த மாதம் எந்தத் தீவில் தங்கலாம், எங்கே தோணியில் போகலாம், எங்கே ஜீப்பில் போகலாம் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. மழை எங்கோ அங்கோலா மலைகளில் பெய்து, பல மாதம் நடந்து, மேகமே இல்லாத குளிர்காலத்தில்தான் எங்களிடம் வெள்ளமாக வந்து சேரும். அது எந்த வாய்க்காலில் எப்போது ஏறும் என்பதை அவள் தொலைபேசியிலேயே விசாரித்துத் தெரிந்துகொள்வாள்.

ஆனால் அவள் தோணியில் ஏறுவதில்லை. அவள் பள்ளியில் படித்த காலத்தில், கழி ஊன்றித் தோணி தள்ளிக்கொண்டிருந்த அப்பாவைத் தோணியோடு நீர்யானை கவிழ்த்துவிட்டது. பின்னால் இன்னொரு தோணியில் வந்த சித்தப்பா திதிமாலோதான் உடலைக் கரைக்குக் கொண்டுவந்தார். அவர் மறு மாதமே கழியைக் கையில் எடுத்துவிட்டார். செதுன்யா ஊருக்குள் வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டாள். வருகிற விருந்தினர் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோனதில்லை.

ஒரு மே மாதக் காலையில், சலவைக்கூடத்துப் பெண்கள் வேலை உடுப்போடு உள்ளே நுழைந்தார்கள். கழிமுகத்து விடுதிகளின் படுக்கைவிரிப்பெல்லாம் லாரியில் வந்து இவர்கள் கையால்தான் வெளுத்துப் போகும். முன்னால் வந்தவள் மா கபோ. மூத்த மகன் கபோ பிறந்த நாளிலிருந்து ஊருக்கே அவள் கபோவின் அம்மாதான். பெருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"செதுன்யா, எங்களுக்கும் ஒரு சஃபாரி போட்டுக் குடு."

"உங்களுக்கா மா?"

"ஏன், எங்களப் பாத்தா சிங்கம் ஓடிடுமா? வெள்ளக்காரன் படுத்த விரிப்ப இத்தன வருஷமாத் தொவைக்கறோம். அவன் எதப் பாக்க வந்தான்னு நாங்களும் பாக்க வேண்டாமா?"

செதுன்யா சிரித்துக்கொண்டே நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். அன்று எங்கள் அலுவலகம் சந்தைக்கடையாகிவிட்டது. ஒருத்திக்குச் சிங்கம் வேண்டும், ஆனால் கிட்டத்தில் வேண்டாம். இன்னொருத்திக்குக் கூடாரத்தில் கட்டில் இருந்தே ஆகவேண்டும். மா கபோ தன் மூன்று கால் இரும்புச் சட்டியைக் கொண்டுவருவதில் உறுதியாக நின்றாள்.

"தோணி தாங்காது மா," என்றாள் செதுன்யா.

"என்னையே தாங்குதாம், என் சட்டியத் தாங்காதா? இடிச்ச கறி அந்தச் சட்டியில வெந்தாத்தான் கறி."

கடைசியில் மற்றவர்கள் ஜோடி ஜோடியாக உட்காருவது, மா கபோவுக்குத் தனித் தோணி, அவளுக்குப் பின்னால் சட்டி என்று முடிவாயிற்று. என்னையும் ஒருத்தியோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள்.

"நீ எதுல வர்ற?" என்று மா கபோ செதுன்யாவைக் கேட்டாள்.

"எனக்கு இங்க வேலை கெடக்கு மா."

"சமைச்சுப் போட்டுட்டு நீ மட்டும் சாப்பிட மாட்டியா? அப்ப கறியில என்னமோ இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். செதுன்யாவும் சிரித்தாள். ஆனால் மேசைமேல் நேராக இருந்த பேனாவை எடுத்து மறுபடி நேராக வைத்தாள்.

ஜூலையில் திதிமாலோ தொலைபேசியில் கூப்பிட்டார். "மகளே, தண்ணி ஏறிடுச்சு. அல்லி எல்லாம் தலை தூக்கிடுச்சு. கூட்டிட்டு வா." வழியனுப்ப மட்டும் வருகிறேன் என்று செதுன்யா எங்களோடு ஜீப்பில் வந்தாள்.

துறையில் குளிர் கடித்தது. பெண்கள் ஒவ்வொருவராக ஏறி, தோணி ஆடும்போதெல்லாம் கூவி, ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மா கபோவின் முறை வந்தது. ஒரு காலைத் தோணிக்குள் வைத்தாள். மறு கால் மணலை விட்டு எழவில்லை.

"நான் வரல," என்றாள். அவளிடம் அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பதை அன்றுதான் கேட்டோம்.

"என்ன மா?"

"எனக்கு நீச்சல் தெரியாது. தொட்டியில பாக்கற தண்ணி வேற. இது வேற."

யாரும் கேலி செய்யவில்லை. திதிமாலோ தோணி நகராதபடி கழியை ஊன்றிப் பிடித்துக்கொண்டார். செதுன்யா மா கபோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள். மா கபோவின் தோணியிலிருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அடுத்த தோணியில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தாள்.

"எனக்கும் பயந்தான் மா. நான் பின்னால உக்காந்து உங்களப் பிடிச்சுக்கறேன். நீங்க என்னப் பிடிச்சுக்கோங்க."

"ரெண்டு பயந்தாங்கொள்ளியும் ஒரே தோணியிலயா?" என்றாள் மா கபோ. ஆனால் மறு காலை எடுத்துவிட்டாள்.

நாணலுக்குள் புகுந்ததும் காற்று நின்றது. சட்டியின் கனத்தில் என் கால் மரத்துப்போனது. முன்னால் போன தோணியில் செதுன்யா மா கபோவின் சால்வையை இரு கைகளாலும் பற்றியிருந்தாள். ஓரிடத்தில், அந்தத் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்த திதிமாலோ கையை உயர்த்தினார். தொலைவில் நீர்யானையின் உறுமல். தோணிகளை நாணல் ஓரம் ஒதுக்கச் சொல்லி, நாங்கள் வருவது அதற்குத் தெரியட்டும் என்று கழியால் தோணியின் விளிம்பைத் தட்டினார். காத்திருந்தோம். உறுமல் ஆழமான பக்கம் விலகிப் போனதும் அவர் ஒரு குறுகலான பக்கவாய்க்காலில் திருப்பினார். மா கபோ மெல்லிய குரலில் தேவாலயப் பாட்டொன்றைத் தொடங்கினாள். ஒவ்வொரு தோணியாக அதில் சேர்ந்துகொண்டது. செதுன்யாவும் பாடினாள்.

தீவில் இறங்கினபோது வெயில் ஏறியிருந்தது. பெண்கள் தரையில் உட்கார்ந்து செத்துப் பிழைத்ததுபோல் சிரித்தார்கள். செதுன்யா ஈரக் காலோடு சித்தப்பாவிடம் போனாள்.

"அப்பா போன அந்த இடம் எது சித்தப்பா? திரும்பும்போதாவது காட்டுங்க."

"அதத் தாண்டி வந்து எவ்வளவோ நேரமாச்சு மகளே. நீ பாடிக்கிட்டு இருந்த. நான் சொல்லல."

அவள் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகம் மறுபக்கம் இருந்தது. பிறகு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

சாயங்காலம் யானைக்கூட்டம் ஒன்று குட்டிகளை நடுவில் விட்டு வாய்க்காலைக் கடந்தது. அத்தனை பெண்களும் வாயை மூடிக்கொண்டு பார்த்த ஒரே நேரம் அதுதான். சிங்கம் வரவில்லை. வரவில்லை என்று யாரும் வருத்தப்படவும் இல்லை.

கறி வெந்துகொண்டிருந்தபோது மா கபோ அடுத்த பயணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். "அடுத்த தடவ கடல். நமீபியாவுல இருக்காம். நீதான் திட்டம் போடணும், செதுன்யா. நீயும் வரணும்."

"கடல நானே பாத்ததில்ல மா."

"அதனால என்ன? விசாரி. கடலுக்குத் தண்ணி எந்த மாசம் வரும்?"

செதுன்யா யோசித்தாள். "தெரியல மா. ஃபோன் பண்ணிக் கேட்டுச் சொல்றேன்," என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.