மூலையில் குவித்த ஜல்லி

ஜல்லிக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்காமலிருக்க ரப்பர் ஷீட் விரித்து, காற்று அதைத் தூக்காதபடி மேலே ஜல்லி கொட்டுவது அவர் பிழைப்பு. பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது, ஜல்லியின் கனம்தான் எல்லாம். காற்று முதலில் மூலையில்தான் கை வைக்கும் என்று அங்கே மட்டும் இரண்டு மடங்கு குவிப்பார். ஊரார் மாடியெல்லாம் ஒழுங்காக நிற்க, அவர் சொந்த மாடியில் மட்டும் எந்தப் புண்ணியவானோ அந்தக் குவியலைக் கலைத்துக்கொண்டே இருந்தான்.

குவித்துக் குவித்து இடுப்பு விட்டுப்போயிற்று. பூனையைத் திட்டினார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வாய்க்கு வந்தபடி ஏசினார். மனைவி, கல்லைப் போய் யார் திருடுவார்கள் என்று சிரித்தாள். சிரிக்கிற விஷயமா அது? அந்த மூலைக்கு நேர் கீழேதான் மகள் பச்சைக் குழந்தையோடு படுத்திருக்கிறாள். ஷீட் கிளம்பினால் மழை மொத்தமும் தொட்டிலில்தான் இறங்கும்.

அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமென்று மாடியேறினார். அங்கே மாமனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பலகையால் மூலை ஜல்லியை இழுத்து நடுவில் பரப்பிக்கொண்டிருந்தார். தனியாக இருக்க முடியாமல் தன் மகளான ஜல்லிக்காரர் மனைவியோடு வந்து சேர்ந்தவர். எதைத் தொட்டாலும், சும்மா இருங்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

ஜல்லிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "மாமா, உங்களை யாரு இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல மாப்பிள்ளை. மூலைக்கு மூலை குமிச்சுப் போட்டு அரைகுறையா விட்டுருந்தீங்க. பார்க்கிறவங்க உங்க வேலையைத்தானே குறை சொல்வாங்க? அதான் தினமும் சமம் பண்றேன்."

அதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. மூலையில் ஷீட் பொம்மென்று உப்பியது. காற்று ஷீட்டைத் தூக்காமலிருக்கத்தான் அந்தக் குவியல் என்று ஜல்லிக்காரர் கத்தினார். கிழவர் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் அந்த மூலையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"நான் அமுக்கிக்கிறேன். நீங்க அள்ளிட்டு வாங்க."

ஜல்லிக்காரர் சட்டி சட்டியாக அள்ளி வந்து மாமனாரைச் சுற்றிக் கொட்டினார். மழை இறங்கிவிட்டது. மூலை நிறைந்ததும், போதும், எழுந்திருங்கள் என்றார். கிழவர் அசையவில்லை.

"குழந்தை கீழே தூங்குது. இன்னும் ரெண்டு சட்டி போடுங்க, அப்புறம் எழுந்திருக்கிறேன்."

இந்த மனுஷரோடு மாரடிக்க முடியாது என்று முனகியபடி அவர் மறுபடியும் அள்ளப் போனார்.