பன்னிரண்டாவது டியூப்

"வழவழன்னு இருக்கிறதெல்லாம் ஒரே இனம்தானேக்கா?" என்றபடி புதியவர் ஒரு டியூபை அமுக்கிப் பார்த்தார்.

"அமுக்கிப் பாத்துப் பிரிக்காதீங்க. எதுக்குத் தடவுறாங்கன்னு பாருங்க." களிம்பக்கா அதைப் பிடுங்கி மூன்றாம் தட்டில் வைத்தாள்.

ஆஸ்பத்திரி மருந்துக்கிடங்கில் பதினோரு வருஷமாக அவளுக்கு அதுதான் பெயர். தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத அறை. வறண்ட தோலை மிருதுவாக்குகிற களிம்புகள் இரண்டாம் தட்டு. தோல்மேல் சுவராக நின்று ஈரத்தைத் தடுப்பவை மூன்றாம் தட்டு. மாடியில் அவளுக்கு ஒரு மேசை காத்திருந்தது. ஆனால் அவள் இடத்துக்கு வருகிறவர் பரீட்சையில் ஒரு தவறும் இல்லாமல் தேற வேண்டும். முன்பு வந்த இருவரும் தேறவில்லை. இவரும் தோற்றால் இனி ஆள் அனுப்ப முடியாது என்று மேலாளரம்மா சொல்லிவிட்டாள்.

மூன்று வாரம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்தாள். மனுஷர் நல்லவர்தான். வாய்தான் சும்மா இருக்காது.

"என் பொண்டாட்டி எந்தத் தட்டுக்கா?"

"அவங்கள விடுங்க. உங்க தோலுக்குத்தான் மருந்தே கிடையாது."

பரீட்சையன்று மேலாளரம்மா பன்னிரண்டு டியூப்களை மேசையில் பரப்பினாள். பதினொன்றைப் புதியவர் சரியாகப் பிரித்தார். பன்னிரண்டாவது புதுச் சரக்கு, பட்டியலில் ஏறாதது. மெழுகில் ஜிங்க் கலந்தது, ஈரத்தைத் தடுக்கிற இனம். புதியவர் பழக்கதோஷத்தில் அமுக்கிப் பார்த்தார். இரண்டாம் தட்டில் வைத்தார்.

"சரிதானே?" மேலாளரம்மா களிம்பக்காவைப் பார்த்தாள். மேலாளரம்மாவுக்கு எது எந்தத் தட்டு என்று தெரியாது.

தலையை ஆட்டினால் போதும், மாடி மேசைக்குப் போய்விடலாம். வார்டு நர்சுகள் தட்டைப் பார்த்து எடுப்பவர்கள், சீட்டைப் படிப்பவர்கள் அல்ல. படுக்கையிலேயே நனைந்து கிடப்பவர்களுக்கு மூன்றாம் தட்டில் தேடுவார்கள். அங்கே இது இருக்காது. களிம்பக்கா டியூபைக் கையில் எடுத்தாள்.

"இல்லைங்கம்மா. அது மூணாவது."

மேலாளரம்மா களிம்பக்காவின் மாறுதல் தாளை மடித்துக் கோப்புக்குள் செருகினாள். "நீங்க போயிட்டா இங்க என்ன ஆகும்னு இப்பத்தான் புரியுது" என்றாள், பாராட்டுகிற குரலில்.

புதியவர் படியேறும்முன் நின்றார். "ஒரு தலையாட்டுதானேக்கா?"

"ஆட்டத்தான் பாத்தேன். கழுத்து வரலை."

மறுநாள் எட்டரைக்கு வந்தாள். நான்கு பெட்டிகள் இறங்கியிருந்தன. மத்தியானம்வரை பிரித்தாள். புதியவரை ஊசிப் பிரிவுக்கு மாற்றிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். ஒரு மணிக்குச் சாப்பிட்டாள். மூன்று வார்டுகளுக்குச் சரக்குப் போனது. ஐந்தரைக்குப் பூட்டினாள்.