முடியாது சார் திறந்த பத்தொன்பது வாசல்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. அவர் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பெயர் முடியாது சார். நேரில் பேசும்போது 'சார்' மட்டும். அவர் முதுகைத் திருப்பிய பிறகு 'முடியாது' மட்டும். இது அவருக்கும் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கூடத்தின் கணினிகளுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் ஃபயர்வால் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பெட்டி பெரிதாக ஒன்றுமில்லை. செருப்பு வாங்கினால் கொடுப்பார்களே, அந்த அளவு. முன்னால் நாலு பச்சை விளக்கு. அதற்குள் ஒரு பட்டியல். யார் எங்கே போகலாம் என்று வரிவரியாக இருக்கும். யாராவது வெளியே போக வந்தால் பெட்டி பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அந்த வரி சொல்வதுதான் தீர்ப்பு. கடைசி வரி எப்போதும் ஒன்றே: 'மற்ற யாருக்கும் கிடையாது.' எட்டாவதோடு நின்ற எனக்கே இது ஒரு டீ ஆறுவதற்குள் புரிந்துவிட்டது. எங்கள் மேலாளருக்கு ஏழு வருடமாகப் புரியவில்லை. அவர் இரண்டு பட்டம் வாங்கியவர், அவசரப்பட மாட்டார்.

நான் அங்கே தரை துடைக்கிறேன், டீ கொடுக்கிறேன், உள் அறைச் சாவியை வைத்திருக்கிறேன். வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். வீட்டில் மாமா, கூடத்தில் சார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பஸ்ஸுக்குள் என்ன என்று சொல்லவில்லை. ஆகவே பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை.

உள் அறையில் நாலு சர்வர்கள் இருந்தன. ஊரில் பாதிப் பேருடைய இரத்தத்தின் கணக்கு அவற்றில்தான். வெளியுலகம் என்று ஒன்று உண்டு என்பதே அவற்றுக்குத் தெரியாது. மாமா அப்படித்தான் வளர்த்திருந்தார். அந்த அறைக்குள் நுழையவும் சீட்டு எழுத வேண்டும். யார், எதற்கு, எவ்வளவு நேரம், ஏதாவது கெட்டுப்போனால் யார் பொறுப்பு. கீழே மேலாளர் கையெழுத்து. வெளியாள் வந்தால் பொறுப்பும் மேலாளருடையது. இந்தச் சட்டத்தைப் போட்டவரும் மாமாதான். இதற்கு முன் இரண்டு இடத்தில் இதே குணத்தால் வேலையை விட்டவர். ஓரிடத்தில் முதலாளி மகனுடைய விளையாட்டுக்கு வழி திறக்க மாட்டேன் என்றார். இன்னோரிடத்தில் முதலாளிக்கே.

அந்தத் திங்கட்கிழமை மேலாளர் அவரைக் கூப்பிட்டார். பெரிய மருத்துவமனை ஒன்று தன் நோயாளிகளின் மாதிரிகளை எங்களிடம் அனுப்ப யோசித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை ஒரு ஆய்வாளர் வருவார். சர்வர்களில் மென்பொருள் ஓட்டைகளை அடைக்கிற இந்த வருடத்துப் பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் போடப்பட்டிருக்க வேண்டும். திருத்தங்கள் இணையத்திலிருந்து வர வேண்டும். இணையம்தான் சர்வர்களுக்குக் கிடையாதே. இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று மாமா மூன்று முறை கடிதம் கொடுத்திருந்தார். மூன்றையும் மேலாளர் பத்திரமாக வைத்திருந்தார், மேசை ஆடாமல் இருக்க.

"எல்லாத்தையும் திறந்து விடுங்க. வேலை முடிஞ்சதும் மூடிக்கலாம்" என்றார் மேலாளர். நான் டம்ளர் எடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"அப்படி முடியாது சார்."

"ரெண்டு மணி நேரம்தானேய்யா."

"உள்ள ஏற்கெனவே ஏதாவது கெட்டது உக்காந்திருந்தா, அது முதல்ல வெளிய பேசும் சார். இப்ப அதுக்கு வாயைக் கட்டி வச்சிருக்கோம்."

"நம்ம சர்வர்ல என்ன கெட்டது உக்காந்திருக்கு?"

"தெரியல சார். அதனாலதான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் மச்சினன் இதைப் பத்து நிமிஷத்துல பண்ணுவான்."

மேலாளரின் மச்சினனுக்குக் கூடத்தில் பெயரே பத்து நிமிஷம்தான். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பிரிண்டரை அவர் பத்தே நிமிடத்தில் சரிசெய்தார். அன்றிலிருந்து அது இரண்டாம் பக்கத்தை மட்டும் அச்சடிக்கிறது.

"புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்கு. அதுக்கப்புறம் அவன் வருவான். வந்தா அவனே இங்க இருந்துப்பான். நீங்க வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார் மேலாளர், மாமாவின் உடல்நலத்தில் அவ்வளவு அக்கறை.

மாமா அன்றே வேலையைத் தொடங்கினார். டீ கொடுக்கும்போது கேட்டேன். நான் கேட்டால் மட்டும் அவர் பொறுமையாகச் சொல்வார். நான் எதையும் திறக்கச் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"சர்வர் எதுவும் நேரா வெளிய போகாது. நடுவுல ஒரு கம்ப்யூட்டர நிறுத்தறேன். இதுங்க அதுகிட்ட கேக்கும். அது போய் வாங்கிட்டு வந்து குடுக்கும். அதுவும் நான் எழுதிக் குடுத்த கடைக்கு மட்டும்தான் போகும். வெளியிலேருந்து யாரும் தானா உள்ள வர முடியாது."

"கடையில அது இல்லன்னா சார்?"

"கையை வீசிட்டுத் திரும்பி வந்துரும்."

அக்கா அவரைக் கடைக்கு அனுப்பினால் நடப்பதும் இதேதான்.

சர்வர் மென்பொருள் விற்ற நிறுவனம் கொடுத்திருந்த காகிதத்தில் மூன்று முகவரிதான் இருந்தது. மூன்றையும் அனுமதித்தார். முதல் முகவரிக்குப் போனால் அது இன்னொரு முகவரிக்குப் போ என்றது. அங்கே போனால், மணி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா என்றது. மணி பார்க்க ஒரு முகவரி. பொருள் அசல்தானா என்று சரிபார்க்க ஒரு முகவரி. அரசாங்க அலுவலகம் தோற்றது. ஒவ்வொரு முறையும் பெட்டி தடுத்ததைத் திரையில் சிவப்பு வரியாகக் காட்டும். மாமா அது யாருடைய முகவரி என்று தேடுவார், தெரிந்தால் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார், பக்கத்தில் காரணம் எழுதுவார், மறுபடி ஓட்டுவார், மறுபடி சிவப்பு.

செவ்வாய்க்கிழமை அந்த நிறுவனத்துக்கே போன் போட்டார். அங்கே இருந்த பெண், "எல்லாத்தையும் திறந்துடுங்க சார், நாங்க அப்படித்தான் சொல்றது" என்றாள்.

"அதை எழுத்துல குடுங்கம்மா."

போன் கட்டாகிவிட்டது.

சாயங்காலம் பதினொரு முகவரி ஆகியிருந்தது. திருத்தம் ஒன்றுகூட இறங்கவில்லை. ஆனால் சிவப்பு வரிகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. மூன்றாவது சர்வர் நிமிடத்துக்கு ஒரு முறை யாருக்கும் தெரியாத ஒரு முகவரிக்குப் போகப் பார்த்தது. தடுத்தால் அடுத்த நிமிடம் மறுபடி. மாமா பழைய பதிவுகளைப் புரட்டினார். இரண்டு வருடமாக அது தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது; பெட்டி தடுத்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. அவர் அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அக்கா தட்டை வைத்த வேகத்திலேயே செய்தி அவளுக்கு எட்டிவிட்டது என்று தெரிந்தது. எட்ட வைத்தவள் நான்தான்.

"ஏங்க, திறந்து விட்டா என்ன? உங்க அப்பா கட்டி வச்ச வீடா அது?"

"மத்தவங்க ரத்தம்" என்றார் மாமா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"இங்க என் ரத்தம் கொதிக்குதே, அது எந்த சர்வர்ல இருக்கு?"

அவர் நிமிர்ந்து யோசித்தார். பதில் சொன்னால் சரியானதைத்தான் சொல்வார் என்று பயந்து நான் எழுந்து போய்விட்டேன்.

புதன்கிழமை காலை பட்டியல் பதினாறு வரி ஆனது. முதல் சர்வரில் திருத்தம் இறங்கத் தொடங்கியது. அதோடு விட்டிருக்கலாம். மாமாவுக்குப் பட்டியல் கலைந்து கிடப்பது பிடிக்காது. வரிகளை ஒழுங்காக அடுக்கினார். அடுக்கும்போது, 'மற்ற யாருக்கும் கிடையாது' என்ற கடைசி வரி, அவர் தன் மேசையிலிருந்து பெட்டிக்குள் போவதற்கான வரிக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. பெட்டி மேலிருந்து படித்தது, நடுவிலேயே கிடையாது என்று கண்டது, அவரையே வெளியே தள்ளியது. ஏழு வருடமாக அவரிடம் பாடம் கேட்ட பெட்டி. ஆளைப் பார்த்து மாறவில்லை.

இனி உள் அறைக்குப் போய்ப் பெட்டியில் நேராக வயரை மாட்டித்தான் சரிசெய்ய வேண்டும். என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"சார், சீட்டு" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரிதான்" என்று போய் எழுதினார். எதற்கு என்ற இடத்தில் பராமரிப்பு என்று எழுதினால் முடிந்தது. உலகமே அப்படித்தான் எழுதுகிறது. அவர் எழுதியது: 'பட்டியலை அடுக்கும்போது என்னை நானே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டேன்.' மேலாளர் அதைக் கூடத்துக்கே கேட்கும்படி வாசித்தார். பிறகு, எழுத்து சரியாகப் புரியவில்லை என்று இன்னொரு முறை வாசித்தார். கையெழுத்துப் போட்ட கையோடு மச்சினனுக்கும் போன் போட்டார். அஞ்சு மணி வரை காத்திருப்பதாயில்லை.

மாமா போய்ச் சரிசெய்துவிட்டு வந்து பட்டியலைத் தொடர்ந்தார்.

மூன்று மணிக்கு 'பத்து நிமிஷம்' வந்தார். கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்ன சார் இது, பத்தொன்பது வரி? ஒரே வரி போதும். யாரும் எங்கயும் போகலாம். சாவி குடுங்கக்கா, நேரா பெட்டியிலயே போட்டுடறேன்."

"சீட்டு" என்றேன்.

மேலாளரே சீட்டை எழுதினார். யார், எதற்கு, எவ்வளவு நேரம் எல்லாம் வேகமாக ஓடியது. பொறுப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"நீயே போடேன்டா" என்றார் மச்சினனிடம்.

"நான் வெளியாள் மாமா. நான் போட்டா செல்லாதே. நீங்கதான் போடணும்."

அப்போதுதான் எங்கள் மாமா சட்டைப்பைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், எல்லாத்தையும் திறந்தா முதல்ல வெளிய போறது இதுதான். மூணாவது சர்வர்லேருந்து ரெண்டு வருஷமா இந்த முகவரிக்குத் தட்டிட்டே இருக்கு. என்ன ஏதுன்னு எனக்குத் தெரியல. நீங்க தெரிஞ்சு போடறதா இருந்தா போடுங்க."

மேலாளர் பேனாவை மூடினார். மச்சினன் தாளை எட்டிப் பார்த்தார். கூலிங் கிளாஸ் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கியது, அறைக்குள் வெயில் இல்லாதபோதும்.

"அது வந்து... அன்னிக்குப் பிரிண்டர் பார்க்க வந்தப்ப, வீட்ல இருந்தே பார்த்துக்கலாம்னு நான்தான் ஒரு சாஃப்ட்வேர் போட்டு வச்சேன். சும்மா கிடைச்சது, நெட்ல. யார் பண்ணுனதுன்னு எல்லாம் தெரியாது."

பிரிண்டர் பார்த்த அந்தக் காலத்தில் சீட்டுச் சட்டம் இன்னும் வரவில்லை. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தை நான் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். சரியாகப் பத்து நிமிடம் இல்லை, நாலுதான்.

மாமா மூன்றாவது சர்வரிலிருந்து அதை எடுத்துப் போட்டார். கடைசித் திருத்தம் இறங்கி முடிந்தபோது மணி ஆறு ஆக இருந்தது. அஞ்சு மணி எப்போது போயிற்று என்று மேலாளர் கேட்கவில்லை.

மறுநாள் வந்த ஆய்வாளர் அம்மா மெதுவாகப் பேசுகிறவர். மற்ற எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் பட்டியலை மட்டும் உட்கார்ந்து படித்தார். பத்தொன்பது வரிக்கும் பக்கத்தில் காரணம்.

"யார் எழுதுனது?"

"எங்க டீம் மேடம்" என்றார் மேலாளர். டீமில் மாமா இருந்தார், துடைப்பத்தோடு நானும் இருந்தேன்.

"இந்தப் பதினாலும் பதினேழும் எதுக்கு?"

"இனிமே வேண்டாம் மேடம். நேத்து ஒரு நாளைக்குத்தான். சாயங்காலம் எடுத்துடுவேன்" என்றார் மாமா.

"இப்பவே எடுத்துடுங்களேன்."

எடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அக்கா கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. கூடம் தேறிவிட்டது. மேலாளர் எல்லோரையும் நிற்க வைத்து, தான் ஆரம்பத்திலிருந்தே கண்டிப்பாக இருந்ததைப் பற்றிப் பேசினார்.

அன்று பஸ்ஸில் வழக்கம் போலப் பேசாமல் வந்தோம். அக்கா வாசலிலேயே நின்றாள்.

"வேலை இருக்கா?"

"இருக்கு."

அவள் முகம் ஒரு கணம் தளர்ந்தது; உடனே இறுக்கிக்கொண்டாள். போனை எடுத்து எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, நேத்து இவருக்கு ஒரு வேலை பாருங்கன்னு சொன்னேன்ல, இப்ப வேண்டாம்ணே."

"என்ன வேலை?" என்றார் மாமா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"அடுக்குமாடிக் குடியிருப்புல வாட்ச்மேன்."

மாமா கொஞ்சம் யோசித்தார். "எத்தனை கேட்?"

"ரெண்டு."

"எதுக்கு ரெண்டு?"

அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுமுனையில் எதிர்வீட்டுக்காரர் இன்னும் இருந்தார். நான் வைத்துவிட்டேன்.